பிலோமினா அக்கா வீட்டு நீலக் கோடு

இந்த வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு வகுப்பெடுக்க வரும்படி என்னைக் கூப்பிட்டவர்கள், "மக்களிடம் தெளிவாகப் பேசுவது எப்படி" என்று தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னார்க் கரையில் காலநிலை மாற்றத்தைப் பற்றி வாய் நோகப் பேசிப் பேசியே ஓய்வுபெற்றவள் நான். ஆனால் தெளிவு வேண்டும் என்றால் என்னிடம் கையிருப்பு இல்லை. குழப்பம் இருக்கிறது, அதைத் தாராளமாகத் தரலாம். நேரில் வந்து பேசினால் நீங்கள் பாதியில் கைத்தொலைபேசியைப் பார்க்கத் தொடங்குவீர்கள், எனக்குக் கோபம் வரும். ஆகவே எழுதியே தருகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பெருநிலத்தில் நெல் விதைக்கிற ஊரில் பிறந்தவள். எங்கள் வீட்டில் மழையைப் பற்றிப் பேசினால் அது குளத்தைப் பற்றிய பேச்சு. குளம் நிரம்பியதா, குளக்கட்டு தாங்குமா, மிஞ்சிய தண்ணீர் வான் பாய்ந்ததா, இவ்வளவுதான். கடலைப் பார்ப்பதற்கு வருடத்தில் ஒருமுறை பெருநாள் கூட்டத்தோடு போனால் உண்டு. அப்படிப்பட்ட என்னைத்தான் கடலோர மக்களுக்குக் கடல் உயர்வதைப் பற்றி விளங்கப்படுத்தச் சொல்லி அனுப்பினார்கள்.

மன்னார்த் தீவின் கரையில் ஒரு மீனவ ஊர். பெயரைச் சொல்லமாட்டேன், அந்தச் சனம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. முதல் கூட்டத்திலேயே முன்வரிசையிலிருந்து ஒருவர், "மிஸ் எந்த ஊர்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அட, வயல்காரி! வயல்காரி வந்து எங்களுக்குக் கடல் படிப்பிக்கப் போறாவாம்!"

கூடம் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன், ஆனால் உள்ளுக்குள் சுட்டது. எனக்குக் கொஞ்சம் ரோசம் அதிகம். அன்றிலிருந்து கடலைப் பற்றி எது கிடைத்தாலும் படித்தேன். புயல் வந்தால் கடல் எப்படி ஏறும், கரை ஏன் கரைகிறது, கண்டல் மரம் என்ன செய்யும், கிணற்றுக்குள் உப்பு எப்படி வருகிறது, எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். கரைவலைக்காரர்களோடு நின்று சோளகம், வாடை, கச்சான் என்று காற்றுகளின் பெயரைப் படித்தேன். கொஞ்சக் காலத்தில் வயல்காரி என்ற பேச்சு நின்றுவிட்டது. "மிஸ்ஸைக் கேட்டுப் பாருங்கோ" என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்கு அதில் சரியான பெருமை.

அப்போது எங்கள் பிரிவுக்குத் தலைவராக இருந்தவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன். அவர் சொல்லித் தந்ததால்தான் நான் மேடையில் நிற்கப் பழகினேன். கூட்டத்தில் நான் ஆகலாம், கூடும், சாத்தியம் உண்டு என்று பேசிவிட்டு வந்த ஒரு நாள், வாகனத்தில் ஏறியதும் தொடங்கினார்.

"பிள்ளை, வரலாம், வராமலும் விடலாம் எண்டு சனத்துக்கு முன்னால கதைச்சால், 'அப்ப வரேக்க பாப்பம்' எண்டுட்டு எழும்பிப் போயிடுவினம். கண்ணால காணக்கூடின மாதிரி ஒண்டைக் காட்டுங்கோ. காட்டிப்போட்டு உறுதியாச் சொல்லுங்கோ."

இந்தப் புத்திமதி பிழை என்று இன்றும் எனக்குச் சொல்ல ஏலாது. உறுதியாகப் பேசியதால்தான் ஒரு புயலின்போது அந்த ஊர்ச் சனம் நேரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு எழும்பி வந்தது. அதை என் கண்ணால் கண்டவள். ஆகவே இதை வாசித்துவிட்டு அவரைக் குறை சொல்லாதீர்கள்.

கண்ணால் காணும்படி காட்டுவதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் நீலக் கோடு. பெரிய புயல் ஒன்று வந்து கடல் ஏறினால் தண்ணீர் எந்த உயரத்துக்கு நிற்கக்கூடும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லித் தந்தார்கள். அந்த உயரத்தில், கடலைப் பார்த்த வரிசை வீடுகளின் முன்சுவரில், வீட்டுக்காரரின் சம்மதத்தோடு ஒரு நீலக் கோடு. கடற்றொழிலாளர் சங்கம் ஓம் என்று ஒத்துக்கொண்டது. விளையாட்டுக் கழகப் பொடியள் தூரிகையும் கையுமாக இறங்கினார்கள். எங்கள் திட்டம் கடலோரத்துக்கானது என்பதால் அந்த வரிசை முடிந்த இடத்தில் கோடும் முடிந்தது. உள்ளே, தார் ரோட்டுக்கு அப்பால் உள்ள வீட்டு வளவுகளுக்கு நாங்கள் போகவேயில்லை.

பெயின்ற் காய முதலே குழப்பம் தொடங்கிவிட்டது. கோடு போட்ட வீட்டுச் சனத்தை அரசாங்கம் அங்கிருந்து எழுப்பப் போகிறது என்று ஒரு கதை. கோடு போட்ட வீடுகளுக்குப் புது வீட்டுத்திட்டம் வரப்போகிறது என்று இன்னொரு கதை. இரண்டும் ஒரே ஒழுங்கையில், எதிரெதிர் வீட்டில். நான் போய் இறங்கியபோது ஒருத்தி தேங்காய்த் தும்பும் சவர்க்காரமுமாகச் சுவரைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு நேர் எதிரே இன்னொருத்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பிடித்தாள்.

"என்ர வீட்டுக்கு ஏன் மிஸ் போடேல்ல? நான் என்ன இந்த ஊரில குறைஞ்சவளோ?"

"அக்கா, அது வீடு தாறதுக்கு இல்லை. கடல் வந்தா..."

"எனக்கும்தான் கடல் வரும்! அவளுக்கு மட்டுமே கடல்?"

நாலு வீடு தள்ளிப் பார்த்தால் ஒருவர் தானே பெயின்ற் வாங்கி, யன்னலுக்கு மேலே, முகட்டுக்குக் கிட்ட ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறார். ஏன் அவ்வளவு உயரம் என்று கேட்டேன். உயரமாகப் போட்டால் பெரிய வீடு தருவார்கள் என்று ஆரோ சொன்னார்களாம். வீட்டுத்திட்டமும் இல்லை, எழுப்புவதும் இல்லை என்று வீடு வீடாகச் சொல்லித் திரிந்தேன். எழும்ப வேண்டும் என்று பயந்தவர்கள், "மிஸ்ஸுக்குத் தெரியும், சொல்ல மாட்டா" என்றார்கள். வீடு வரும் என்று இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், ஆனால் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. எனக்கு விசர் பிடிக்காத குறை.

அந்தக் கோடு போட்ட வீடுகளில் ஒன்று பிலோமினா அக்காவுடையது. கணவர் இல்லை, நோயில் போய்விட்டார். அக்கா கருவாடு போட்டு இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தவ. மூத்தவள் ஜெனிற்றா, பாலர் பள்ளியில் படிப்பித்தாள். இளையவள் டிலானி, நண்டு பதப்படுத்தும் கொம்பனிக்கு வேலைக்குப் போய்வந்தாள். இரண்டு பிள்ளைகளுக்கும் கொடுக்க அக்காவிடம் இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று அவர்கள் குடியிருந்த கடற்கரை வீடு. மற்றது தார் ரோட்டுக்கு அப்பால் பனைகள் நின்ற ஒரு வளவுக் காணி. அதில் கணவர் உயிரோடு இருக்கும்போது அத்திவாரம் போட்டு அரைச்சுவர் எழுப்பிவிட்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு வீட்டை எழுதிக்கொடுத்துத்தான் கலியாணம் செய்வது. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். கடற்கரை வீடு மூத்தவளுக்கு, உள் வளவு இளையவளுக்கு என்பது தகப்பன் காலத்திலேயே பேசி முடித்த பேச்சு.

ஜெனிற்றாவுக்கு வங்காலையில் மாப்பிள்ளை சரிவந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் சொந்தமாக வள்ளங்களும் வலைகளும் உள்ள சம்மாட்டி. எல்லாம் பேசி, கோயிலில் கலியாண ஓலை வாசித்து அறிவிக்கவும் நாள் குறிக்கப்போகிற நேரத்தில் அவர் வீடு பார்க்க வந்தார். வாசலில் நின்று, சுவரில் இருந்த கோட்டையும் தன் இடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாராம். இரண்டும் ஒரே உயரம்.

"இது என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"அது சும்மா பெயின்ற்" என்றிருக்கிறா அக்கா.

சம்மாட்டியார் குடிக்கக் கொடுத்ததைக் குடித்தார், நல்லபடியாகப் பேசினார், போய்விட்டார். அதற்குப் பிறகு சத்தத்தைக் காணோம். அடுத்த திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்து நான் கந்தோரைத் திறக்க முதலே பிலோமினா அக்கா வாசலில் நிற்கிறா.

"மிஸ், அந்தக் கோட்டை அழிச்சுத் தாங்கோ."

"அழிச்சாக் கடல் வராமல் விடுமோ அக்கா?"

"கடல் வரட்டும், போகட்டும். சம்மாட்டியார் வரமாட்டன் எண்டெல்லோ நிக்கிறார்! என்ர பிள்ளையின்ர வாழ்க்கை மிஸ். ஊரெல்லாம் தெரிஞ்சு போச்சு. இது குழம்பினா அவளை இனி ஆர் கேட்டு வருவினம்?"

சொல்லிவிட்டு அழுதா. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவ சொல்வதும் சரி, கோடும் சரி. பெரியவரிடம் போனேன். ஒன்றை அழித்தால் எல்லாவற்றையும் அழிக்க வேண்டிவரும், போய் அவர்களுக்கு விளங்கப்படுத்துங்கோ என்றார். அதுவும் சரிதான். மூன்றும் சரியாக இருந்தால் நடுவில் நிற்கிறவள் என்ன செய்வாள் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து இரண்டு பகுதியும் பிலோமினா அக்கா வீட்டில் கூடினார்கள். என்னையும் வரச் சொன்னார்கள். எனக்கென்று ஒரு கதிரை நடுவில் போட்டிருந்தது. சம்மாட்டியார் மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவேயில்லை.

"மிஸ், நான் கடலில கிடந்து நரைச்சவன். கடல் ஏறும், இறங்கும், அது எனக்குப் புதுசில்லை. எண்டாலும் பேரப்பிள்ளையளை யோசிக்கோணும். நீங்கள் படிச்சனீங்கள். நேராச் சொல்லுங்கோ. இந்த வீட்டுக்கு வருமோ, வராதோ?"

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெரிய புயல் ஒன்று, பிழையான திசையில், பிழையான நேரத்தில் வந்தால் அந்த உயரத்துக்குத் தண்ணீர் வரக்கூடும். அது அடுத்த மாரியிலும் நடக்கலாம், ஜெனிற்றாவின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் நடக்கலாம். நடக்காமலே போகலாம். இது அப்படியே நுனிநாக்குவரை வந்தது. ஆனால் எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வரலாம், வராமலும் விடலாம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? சுவரில் கோடு போட்டுவிட்டு, கோடு போட்டவளே தெரியாது என்றால்? வயல்காரிக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று மறுபடி சிரிப்பார்களே என்றும் நினைத்தேன். மறைப்பானேன், அதையும் நினைத்தேன்.

"வரும், ஐயா" என்றேன்.

"அப்ப அந்த உள் வளவுக்கு?"

"அங்க கடல் வராது."

இதில் பொய் ஒன்றும் இல்லை. கடல் அங்கே வராது. எந்தக் கணக்குக்காரரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவார். சம்மாட்டியார் பிலோமினா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப மூத்த பிள்ளைக்கு அந்த வளவை எழுதுங்கோ. மிச்சச் சுவரை எழுப்பி ஓடு போடுறதை நாங்கள் பாத்துக்கொள்ளுறம். ஓலையையும் வாசிப்பிப்பம்."

அக்காவின் முகத்தில் உயிர் வந்தது. "மாதாவே" என்று நெஞ்சில் கை வைத்தா. எனக்கும் பெரிய ஆறுதல். வந்த வேலை முடிந்தது, கலியாணம் நிற்கவில்லை, ஒரு குடும்பம் கடலை விட்டு உள்ளே போகிறது. இதற்குத்தானே நாங்கள் ஊர் ஊராகத் திரிகிறோம் என்று நினைத்தேன். அப்போது குசினிக்குள்ளிருந்து சோடாக் கிளாசுகளோடு டிலானி வந்தாள். பேச்சு அவளுக்கு உள்ளே கேட்டிருக்கிறது.

"அப்ப இந்த வீடு?"

"உனக்குத்தான் பிள்ளை" என்றா தாய்.

டிலானி தட்டை மேசையில் வைத்தாள். கிளாசுகள் கிலுங்கின. என்னைத்தான் பார்த்தாள்.

"கோடு போட்ட வீடு எனக்கோ? மிஸ், நான் உங்களுக்கு என்ன செய்தனான்?"

"சும்மா இரு, பெரியாக்கள் கதைக்கேக்க!" என்று தாய் அதட்டினா. ஜெனிற்றா கதவடியில் நின்றாள், சீலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு. வாய் திறக்கவில்லை. வெட்கம் என்று நினைத்தேன். தட்டிலிருந்து ஒரு கிளாசை எடுத்துக் குடித்தேன்.

கலியாணம் நன்றாக நடந்தது. உள் வளவில் வீடு எழும்பியது, ஜெனிற்றாவும் புருசனும் குடிபோனார்கள், ஒரு ஆண்பிள்ளையும் பிறந்தது. கடற்கரை வீட்டை டிலானியின் பெயருக்கு எழுதி, தாயும் அவளும் அங்கே இருந்தார்கள். பெரியவருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஒரு கோட்டைப் பார்த்துவிட்டு ஒரு குடும்பம் தானாகவே உள்ளே நகர்ந்ததே, இதுதான் விழிப்புணர்வு என்று கொழும்பில் ஒரு கூட்டத்தில் சொல்லி, என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று சிரித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு அது வெற்றியா, வேறு ஏதாவதா என்று பிடிபடவில்லை. ஆள் நகர்ந்தது உண்மை. ஆனால் கோடு போட்ட வீட்டில் இப்போதும் ஆள் இருக்கிறது, வேறு ஆள். டிலானி பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் ஏறும் பஸ்ஸில் ஏறாமல் அடுத்ததுக்கு நின்றிருக்கிறேன்.

பிறகு ஒரு மாரியில் மழை பிடித்தது. புயல் என்று சொல்ல முடியாது, பெரிய காற்றும் இல்லை. சும்மா விடாமல் கொட்டியது. தீவில் தண்ணீர் நிற்கிறது என்று செய்தி வந்ததும் நான் பயந்தது கடற்கரை வரிசைக்குத்தான். டிலானியும் தாயும் அங்கே இருக்கிறார்கள் என்று பதைத்துக்கொண்டு, உலர் உணவு ஏற்றிப்போன வாகனத்தில் தொற்றிப் போனேன். வாகனம் தார் ரோட்டில் நின்றது. இறங்கி, கடல் பக்கம் பார்த்தேன். மணல் ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். கடற்கரை மணல் பெய்த மழையைக் குடித்துவிட்டிருந்தது. பிறகு மற்றப் பக்கம் திரும்பினேன்.

ரோட்டின் உள்பக்கம் பனைகளின் அடியெல்லாம் தண்ணீர். பின்னால் உள்ள தரவை வெளியிலிருந்து வந்த வெள்ளம் முழுவதும் உயர்த்திப் போட்ட ரோட்டில் முட்டி நிற்கிறது. போக வழியில்லை, மதகு குப்பையால் அடைத்துக் கிடக்கிறது. நான் வயல்காரி. எனக்கு அதை ஆரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ரோடுதான் கட்டு, உள்ளே இருப்பது குளம். குளத்துக்குள் வீடு கட்டி ஆட்களை இருத்தியிருக்கிறோம். எங்கள் ஊரில் எந்தப் பிள்ளையைக் கொண்டுவந்து அந்த ரோட்டில் நிறுத்தினாலும் ஒரு பார்வையில் சொல்லியிருக்கும். இத்தனை வருடம் அதே ரோட்டால் போய்வந்த நான் கடல் பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது. ஆட்கள் முன்னால் அழக்கூடாது என்று மழையில் தலையை நனையவிட்டேன்.

ஜெனிற்றாவின் வீட்டு யன்னல் மட்டத்துக்குத் தண்ணீர். உள்ளே ஆள் இல்லை. சம்மாட்டியார் ஒரு சிறு வள்ளத்தை ரோட்டுக்கு மேலால் இழுப்பித்து, பனைகளுக்கு நடுவே விட்டு, மகனையும் மருமகளையும் பேரனையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். எங்கே என்று கேட்டேன். "வேற எங்க, பிலோமினா வீட்டதான்" என்றார்கள்.

கோடு போட்ட வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். குழந்தை டிலானியின் மடியில் நித்திரை. ஜெனிற்றா தங்கச்சியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றாள். சம்மாட்டியார் எழுந்து எனக்குத் தன் கதிரையைத் தந்தார்.

"இருங்கோ மிஸ். நனைஞ்சு போனீங்கள்."

இருந்தேன். அவர் சுவரோடு சாய்ந்து நின்று கேட்டார்.

"அங்க வராது எண்டு சொன்னீங்கள்."

"கடல் வராது எண்டுதானே ஐயா சொன்னனான்" என்றேன். இதைச் சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஓம்" என்றார் அவர். "கடல் வரேல்ல. தண்ணிதான் வந்தது."

அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏசவில்லை. தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

வெள்ளம் வடிந்த பிறகும் குழப்பம் வடியவில்லை. ரோட்டை உயர்த்தியதுதான் காரணம் என்று ஒரு பகுதி, மதகைத் துப்பரவாக்காததுதான் என்று இன்னொரு பகுதி, இப்படி ஒரு மழை முன்பு பெய்ததேயில்லை என்று வயதுபோனவர்கள். எல்லாரும் என்னிடம் வந்து, எது சரி மிஸ் என்றார்கள். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் சரி. எதில் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குள் இன்னொரு கூத்து. கோடு போட்ட வரிசைக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை என்று ஊர் கவனித்துவிட்டது. உள் வளவுக்காரி ஒருத்தி கந்தோருக்கே வந்து, "எங்கட வீட்டுக்கும் ஒரு கோடு போட்டு விடுங்கோ மிஸ், தண்ணி வராமல் இருக்கட்டும்" என்றாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? நாங்கள் கோடு போட்ட இடத்தை மட்டும் சனம் வாசிக்கவில்லை, தம்பிமாரே, தங்கச்சிமாரே. போடாத இடத்தையும் வாசித்தது. வெறும் சுவரைக் கண்டு, இங்கே பயமில்லை என்று விளங்கிக்கொண்டது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, ஆனாலும் என்னிடமிருந்துதான் அறிந்துகொண்டார்கள். இதை எப்படித் தடுப்பது என்று கேட்காதீர்கள். முழு மன்னாருக்கும் கோடு போடவா முடியும்?

நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் பிலோமினா அக்கா தொலைபேசியில் கூப்பிட்டா. டிலானிக்குக் கலியாணப் பேச்சு வந்திருக்கிறதாம். மாப்பிள்ளை பகுதி, எந்த இடத்தை எழுதுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறது. ஜெனிற்றா வெள்ளத்துக்குப் பிறகு புருசனோடும் பிள்ளையோடும் கடற்கரை வீட்டிலேயே தங்கிவிட்டாள். உள் வளவு வீடு, சுவரெல்லாம் ஈரம் குடித்து, பூட்டிக் கிடந்தது. கடற்கரை வீட்டின் உறுதிப் பத்திரம் டிலானியின் பெயரில். வீட்டுக்குள் இரண்டு சகோதரிகளும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிவதாக அக்கா சொன்னா.

"ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போங்கோ மிஸ். நீங்கள் சொன்னாத்தான் எடுபடும்."

போகாமல் விடலாம் என்று நினைத்தேன். சுகமில்லை என்று சொல்லலாம். ஆனால் போனேன். அதே கூடம். இந்த முறை ஆண்கள் ஒருவரும் இல்லை. மகள்மார் இருவரும் நிலத்தில் ஒரு பாயில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். டிலானி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"இப்ப சொல்லுங்கோ" என்றா அக்கா. "எந்த வீட்டில ஆரை இருத்த?"

"எனக்குத் தெரியாது அக்கா" என்றேன்.

அக்காவுக்கு விளங்கவில்லை. "என்ன தெரியாது?"

"எந்த வீடு நல்லம் எண்டு தெரியாது. இஞ்ச கடல் வரலாம். எப்ப எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, எங்கட காலத்தில வராமலும் போகலாம். இந்தக் கிணத்துத் தண்ணி உப்பாகிக்கொண்டு வருது, அது தெரியும். அங்க மழை வெள்ளம் வரும். மதகு திறந்திருந்தாக் குறைய வரும், அடைச்சா அண்டைக்கு வந்த மாதிரி வரும். நிலத்தை உயர்த்திக் கட்டினாத் தப்பலாம், அதுவும் தப்பலாம் எண்டுதான் சொல்லுவன். இவ்வளவும்தான் அக்கா எனக்குத் தெரிஞ்சது."

இவ்வளவு காலத்தில் இவ்வளவு கேவலமாக நான் எந்தக் கூட்டத்திலும் பேசவில்லை. பெரியவர் இருந்திருந்தால் எழுந்து போயிருப்பார். அக்கா, வேறு வழியில்லாதவ போல, பாயின் பக்கம் திரும்பினா.

"அப்ப நீங்கள் ரெண்டு பேரும் சொல்லுங்கோவன். ஆருக்கு எது வேணும்?"

"எனக்கு இந்த வீடுதான் எப்பவும் விருப்பம்" என்றாள் ஜெனிற்றா, கேட்ட வாய் மூட முதல். "பாலர் பள்ளி ரெண்டு வீடு தள்ளி. அங்க இருந்து பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாறது எனக்குக் கரைச்சல்."

"எனக்கு அந்த வளவைத் தாங்கோ" என்றாள் டிலானி. "கொம்பனி பஸ் வாசலில நிக்கும். நிலத்தை உயர்த்திக் கட்டுவம். அப்பா எனக்கெண்டுதானே அத்திவாரம் போட்டவர்."

தகப்பன் பேசி முடித்தபடியேதான் வந்து நின்றது. ஜெனிற்றாவின் குழந்தை எழும்பி என் செருப்பை எடுத்து வாயில் வைத்தது, ஜெனிற்றா பறித்தாள்.

நான் போகிறேன் என்று எழும்பினேன். அக்கா வாசல்வரை வந்தா. கோபம் இருந்ததாகத் தெரியவில்லை, களைத்துப்போன குரலில்தான் கேட்டா.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்?"

"எதை அக்கா?"

"தெரியாது எண்டு. உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சபடியால்தான் நாங்கள் பிள்ளையளைக் கேக்கேல்ல."